காம்பில் நின்ற தங்கம்

பெரியக்கா சங்கிலியைக் கொண்டுவந்த அன்று பட்டறையில் எதுவும் காயவில்லை. வாரம் முழுக்கத் தூறல். வார்ப்புக்காகக் கரைத்து ஊற்றிய ஜிப்சம் மாவு அச்சுகள் இறுகியிருந்தனவே தவிர ஈரம் போகவில்லை. வார்ப்புக்காரர் ஒவ்வொன்றாகப் புறங்கையால் தொட்டுப் பார்த்து, "இன்னும் சில்லுன்னுதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, வலது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே போய் உட்கார்ந்தார்.

நான் வார்ப்புக்காரர் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருக்கிறேன். பகலில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை, மாலையில் கணக்கியல் வகுப்பு. வகுப்பு இல்லாத நாட்களில் கீழே இறங்கி, பட்டறையின் ஓரத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வது பழக்கமாகிவிட்டது. வார்ப்புக்காரர் என்னைக் கணக்குப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார். அவர் மனைவியை நான் வீட்டுக்காரம்மா என்பேன். மெழுகில் நகையைச் செதுக்குவது அந்த அம்மாதான். எந்த வேலைக்கு எவ்வளவு தங்கம் பிடிக்கும் என்று மதிப்புப் போடுவதும் அவர்தான். கணவர் உருக்கி வார்ப்பார். இந்தப் பங்கீட்டைப் பற்றி இருவருக்குள்ளும் தினமும் ஏதாவது ஒரு சச்சரவு உண்டு. ஆனால் பங்கு மாறி நான் பார்த்ததில்லை.

பெரியக்கா, வீட்டுக்காரம்மாவின் கூடப் பிறந்த அக்கா. அவர் கணவர் பஸ் ஓட்டியவர். சில மாதங்களுக்கு முன்பு, ஓய்வு பெற்ற கையோடு, இறந்துபோனார். பெரியக்கா குடையை வாசலில் சாத்திவிட்டு வந்து, கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து மேஜை மேல் வைத்தார். ஒரு சங்கிலி, ஒரு மோதிரம், ஒரு தீப்பெட்டி.

"தீப்பெட்டியில என்னக்கா?" என்றார் வீட்டுக்காரம்மா.

"உங்க அத்தானோட பல்லு."

வார்ப்புக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "பல்லா?"

"தங்கம் கட்டின பல்லு, தம்பி. எலும்பைக் கடிக்கிறேன்னு கடிச்சு கழண்டு வந்துருச்சு. திரும்ப மாட்டிக்கிறேன், மாட்டிக்கிறேன்னு இதுல போட்டு வச்சாரு. மாட்டிக்கவே இல்ல."

"பல்லுல என்னென்ன கலந்திருக்குன்னு கட்டினவனுக்கே தெரியாதுக்கா. அதை உள்ள விட்டா மொத்தமும் முரடாயிரும். தட்டினா வெடிக்கும்," என்றார் வார்ப்புக்காரர்.

"உசுரோட இருந்தப்பவும் அவரு வாய் அப்படித்தான். யாரோடயும் சேராது."

முதலில் யாரும் சிரிக்கவில்லை. பிறகு வீட்டுக்காரம்மாவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது, அக்காவும் சேர்ந்து சிரித்தார். இருவருக்கும் ஒரே மாதிரிச் சிரிப்பு, பாதியில் மூச்சு வாங்கும். நின்றதும் வீட்டுக்காரம்மா தீப்பெட்டியை மூடி அக்கா பக்கம் தள்ளினார். "இது உன்கிட்டயே இருக்கட்டும்."

பெரியக்கா மோதிரத்தை எடுத்துக் காட்டினார். பட்டையான மோதிரம், நடுவில் சுற்றிலும் ஒரு கோடு. "இதே மாதிரி மூணு வேணும். பையனுக்கு ஒண்ணு, பொண்ணுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. இந்தச் சங்கிலியையும் இதையும் உருக்கிப் பண்ணு. ஆனா ஒரே ஒரு விஷயம். வேற யாரோட தங்கமும் இதுல ஒரு பொட்டு சேரக்கூடாது. பத்தலைன்னா பத்தலைன்னு சொல்லிரு. சேக்காத."

"சரிக்கா."

"சரின்னா எப்படி? பத்துமா, பத்தாதா? அதைச் சொல்லு. பையன் லீவு முடிஞ்சு கெளம்பப் போறான். அப்பா மோதிரத்தைப் போட்டுக்கிட்டுத்தான் போவேங்கிறான்."

வீட்டுக்காரம்மா வேலையை ஆரம்பித்தார். சங்கிலியின் கொக்கியைக் குறட்டால் நெரித்து உடைத்து, உள்ளே இருந்த இரும்பு ஸ்பிரிங்கைக் காந்தத்தால் எடுத்துப் போட்டார். சங்கிலியையும் மோதிரத்தையும் சோப்புத் தண்ணீரில் கொதிக்கவிட்டார். தண்ணீர் கலங்கி, கறுப்பாகத் துகள் மிதந்தது.

"எவ்வளவு அழுக்கு பாருக்கா. இதையும் தங்கம்னு எடை போட்டுட்டா அப்புறம் என்னைத்தான் சொல்லுவ."

"ஸ்டியரிங் பிடிச்ச வேர்வை அது. அதுவும் அவருதான்," என்றார் பெரியக்கா. ஆனால் கொட்ட வேண்டாம் என்று சொல்லவில்லை.

துடைத்து எடை போட்டதில் பதினெட்டு கிராம் தொண்ணூறு நின்றது. பிறகு இழுப்பறையிலிருந்து அதே வடிவப் பட்டை மெழுகை எடுத்து, மூன்று விரல் அளவுக்கும் வளைத்து ஒட்டி, நடுக்கோட்டை இழுத்தார். மெழுகு வளையம் மூன்றும் சேர்ந்து ஒரு கிராமும் கொஞ்சமும். அந்தக் கணக்கை எனக்கு அவர் முன்பே சொல்லியிருந்தார். மெழுகு எவ்வளவு இடத்தை அடைக்கிறதோ அவ்வளவு இடத்தைத் தங்கம் அடைக்க வேண்டும். இந்தத் தரத் தங்கத்துக்கு மெழுகின் எடையைப் பதினேழால் பெருக்க வேண்டும்.

"கணக்குப்பிள்ளை, நீயும் ஒரு தடவை போட்டுப் பாரு," என்றார் வார்ப்புக்காரர்.

போட்டேன். எனக்கு முதல் விடையில் எப்போதும் நம்பிக்கை இருக்காது. மறுபடி போட்டேன். அதே விடை வந்த பிறகும் புள்ளி சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்று பார்த்தேன். பதினேழு புள்ளி முப்பத்து நாலு. அரம் போடவும் மெருகு போடவும் ஒரு கிராம் போகும் என்று வைத்தாலும் அரை கிராம் மிஞ்சியது.

"பத்தும்," என்றார் வீட்டுக்காரம்மா.

"நல்லா பாத்துச் சொல்லு."

"பத்தும்க்கா. மிஞ்சவே மிஞ்சும்."

"மிஞ்சுறதை எங்கிட்ட குடுத்துரு," என்று சொல்லிவிட்டு, பெரியக்கா அங்கேயே நின்று மகளுக்குப் போன் போட்டார். "மூணும் வந்துருமாம். ஆமா, மூணும் ஒரே மாதிரி. சித்தி சொல்லிட்டா."

அவர் போன பிறகு வீட்டுக்காரம்மா ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே மேஜையைத் துடைத்தார். அவர் பாடி நான் கேட்டது அன்றைக்குத்தான். 'பத்தும்' என்ற சொல் அவருக்கு எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். அவர்களுடைய அம்மாவின் தடித்த வளையல் ஒன்றை, அம்மா போன பிறகு, இந்தப் பட்டறையில்தான் உருக்கி இரண்டு மெல்லிய வளையல்களாக வார்த்தார்கள். ஆளுக்கொன்று. எடை கொஞ்சம் குறைந்தது. அரத்திலும் மெருகிலும் போனதுதான். ஆனால் பெரியக்கா அன்றிலிருந்து ஆள் கூடியிருக்கும் இடமாகப் பார்த்து, சிரித்துக்கொண்டே சொல்லுவார்: "எங்க தங்கச்சி கை பட்டா தங்கத்துக்கு ஜுரம் வந்துரும். இளைச்சிரும்." எல்லாரும் சிரிப்பார்கள். வீட்டுக்காரம்மாவும் சிரிப்பார்.

சனிக்கிழமை எனக்கு அரைநாள் வேலை. வந்தபோது பட்டறை சுத்தமாகக் கூட்டியிருந்தது. அரத்தூள் விழும் தட்டைத் துடைத்து, புதுத்துணி விரித்து வைத்திருந்தார்கள். தங்கம் உருக்கும் மூசைகூடப் புதிது. பழைய மூசையின் ஓரத்தில் பழைய தங்கம் பொட்டுப் பொட்டாக ஒட்டியிருக்கும், அது வேண்டாம் என்று வீட்டுக்காரம்மா சொல்லியிருந்தார். வார்ப்புக்காரர் புது மூசைக்கு வெண்காரம் பூசிச் சூடுகாட்டிக்கொண்டே புலம்பினார்.

"ஆஸ்பத்திரியில ஆபரேஷனுக்குக்கூட இவ்வளவு சுத்தம் பண்ண மாட்டாங்க."

"பேசாம வேலையைப் பாருங்க."

"பேசாம பாத்தா தோள் வலிக்குது. பேசிக்கிட்டே பாத்தா வாய்தான் வலிக்கும்."

வீட்டுக்காரம்மா மெழுகு மோதிரங்களை ஒரு மெழுகுக் காம்பில் ஒட்டிக்கொண்டிருந்தார். சூடான ஊசியால் தொட்டு, மூச்சை அடக்கி, ஒவ்வொன்றாக. காம்பில் கிளைகளாக மோதிரங்கள் நிற்பதால் அதை மரம் என்பார்கள். மரத்தை மாவில் புதைத்துச் சூளையில் வைத்தால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் தங்கம் போய் உட்காரும். மரம் முடிந்ததும் வழக்கம்போல எடை பார்த்தார். பார்த்துக்கொண்டே இடது கையை மேஜைக்கு அடியில் நீட்டி, அங்கே இருக்கும் தகர டப்பாவைத் திறந்தார். முந்தைய வார்ப்புகளில் வெட்டி எடுத்த காம்புகளும் கட்டிகளும் அதில்தான் கிடக்கும். இரண்டு துண்டுகளை விரல்களுக்கிடையே எடுத்தும் விட்டார்.

கை அப்படியே நின்றது.

"என்ன?" என்றார் வார்ப்புக்காரர்.

"காம்புக்கு."

"காம்புக்கு என்ன?"

"காம்புக்குத் தங்கம் எங்க இருக்கு?"

அவர் மரத்தைப் பார்த்தார். கிண்ணத்தில் சுருண்டு கிடந்த சங்கிலியைப் பார்த்தார். கேஸ் டார்ச்சை அணைத்து வைத்தார்.

எனக்குப் புரிய நேரம் பிடித்தது. வீட்டுக்காரம்மாதான் சொன்னார், என்னைப் பார்க்காமல், மரத்தையே பார்த்துக்கொண்டு. தங்கம் மோதிரங்களுக்குள் போக வேண்டுமென்றால் காம்பு வழியாகத்தான் போக வேண்டும். காம்பும் நிறைய வேண்டும். காம்புக்கு மேல் ஒரு கட்டியும் நிற்க வேண்டும். அந்தக் கட்டியின் கனம்தான் மோதிரங்கள் இறுகும்வரை உள்ளே தங்கத்தை ஊட்டிக்கொண்டிருக்கும். இல்லையென்றால் மோதிரம் ஓட்டையும் உடைசலுமாக வரும். ஆறிய பிறகு காம்பையும் கட்டியையும் வெட்டி டப்பாவில் போடுவார்கள். அடுத்த வார்ப்புக்கு டப்பாவிலிருந்து எடுப்பார்கள்.

"அது போறதும் இல்ல, வர்றதும் இல்ல. பட்டறைக்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கும். அதனால மதிப்புல அதைச் சேக்குறதே இல்ல," என்றார்.

நான் என் தாளை எடுத்துப் பார்த்தேன். பெருக்கல் சரியாகத்தான் இருந்தது. பிழை இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. திருத்தியிருக்கலாம்.

"சரி, இப்ப என்ன?" என்றார் வார்ப்புக்காரர். "டப்பாவுல இருந்து ஒரு எட்டு கிராம் போடு. வார்ப்போம். வெட்டுவோம். அதே எட்டு கிராமைத் திரும்ப டப்பாவுல போடுவோம். எடை துளி மாறாது. உங்கக்கா என்ன பூதக்கண்ணாடி வச்சா பாக்கப் போறா?"

"எடை மாறாது."

"அப்புறம்?"

"உருகினப்புறம் எது அத்தானோடது, எது டப்பாவோடதுன்னு பிரிக்க முடியுமா? மூணுல ஒரு பங்கு அத்தான் காம்புல நின்னுருவாரு. வெட்டி டப்பாவுல போடுவோம். அடுத்த வாரம் கடைக்காரருக்குக் கம்மல் வார்ப்போம். யாரோ ஒருத்தி காதுல போய்த் தொங்குவாரு."

"தொங்கட்டுமே. சகலைக்கு அதுல ஒண்ணும் வருத்தம் இருக்காது."

வீட்டுக்காரம்மா சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பை எதிர்பார்த்துச் சொன்னதாகத் தெரியவில்லை.

"இங்க பாரு. தங்கத்துக்குப் பேரும் ஊரும் கெடையாது. சகலை சங்கிலியை வாங்கினப்ப அதுல யார் யார் தாலியும் தோடும் உருகிக் கெடந்துச்சோ. உங்கக்கா அதையெல்லாம் யோசிச்சாளா?"

"அது அவரு வாங்குறதுக்கு முன்னாடி. அவரு கழுத்துல கெடந்தப்புறம் அது அவரோடது."

"இதெல்லாம் அன்னிக்கே சொல்லியிருக்கணும். அவ கேட்டப்பவே, அக்கா, மெழுகு வார்ப்புல அப்படி முடியாதுன்னு."

"சொல்லல."

"ஏன் சொல்லல?"

வீட்டுக்காரம்மா டப்பாவின் மூடியை அழுத்தி மூடினார். மூடி சரியாக உட்காரவில்லை. மறுபடி அழுத்தினார். "அவ முன்னாடி ஒரு தடவையாவது பத்தும்னு சொல்லணும்னு இருந்துச்சு. அந்த அவசரம்."

வார்ப்புக்காரர் பெஞ்சில் மல்லாந்து படுத்துக்கொண்டார். நான் எழுந்து போய் டீ போட்டேன். பால் திரியத் தொடங்கியிருந்ததால் பாலில்லாமல் போட்டேன். இருவரும் அதைக் கவனிக்காமலே குடித்தார்கள்.

"பத்தலைன்னு போய்ச் சொன்னா என்ன நெனப்பா தெரியுமில்ல?" என்றார் அவர், படுத்தபடியே. "உருக்கி எடுத்துக்கிட்டு, மிச்சத்துக்குக் கதை சொல்றான்னு நெனப்பா. சாகுற வரைக்கும் சொல்லிக்காட்டுவா. பசங்ககிட்டயும் சொல்லுவா."

"தெரியும்."

"தெரிஞ்சும்?"

"உருக்கல இல்ல. அப்படியே இருக்கு இல்ல. அப்படியே வச்சுக் காட்டுறேன்."

மறுநாள் பெரியக்கா வந்தார். மோதிரம் தயாராகியிருக்கும் என்று நினைத்து, நகைக்கடைச் சின்னப் பெட்டிகள் மூன்றைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். மேஜையில் சங்கிலி சங்கிலியாகவும் மோதிரம் மோதிரமாகவும் இருந்ததைப் பார்த்து நின்றுவிட்டார்.

"உருக்கலையா?"

"இல்லக்கா. உக்காரு."

"எதுக்கு உக்காரச் சொல்ற? என்ன ஆச்சு?"

"ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"கொறையுதா?"

"கொறையல." வீட்டுக்காரம்மா தராசில் வைத்துக் காட்டினார். அன்றைக்கு நின்ற அதே எடை. பிறகு மெழுகு மரத்தை எடுத்து அக்காவின் கையில் கொடுத்தார். காம்பைத் தொட்டுக் காட்டி, எனக்குச் சொன்னதையே சொன்னார். சொல்லும்போது குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. நெடுநேரம் வரிசையில் நின்ற ஒருவர் தன் முறை வந்ததும் பேசுவதுபோல இருந்தது.

பெரியக்கா மரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்தனை வருஷமா இதுதான தொழில். இது தெரியாதாடி உனக்கு?"

"தெரியும். எப்பவும் டப்பாவுல இருந்து எடுத்துப் போட்டுருவேன். கை தானாப் போகும். அதனால கணக்குல அது வந்ததே இல்ல."

"எப்பவும்னா?"

"எப்பவும்தான்."

பெரியக்கா மரத்தைக் கீழே வைத்தார். தன் இடது மணிக்கட்டைப் பார்த்தார். "அப்ப, அம்மா வளையலை உருக்கினப்ப?"

வார்ப்புக்காரர் இடையில் புகுந்தார். "அக்கா, அதெல்லாம் பழைய கதை. இப்ப எதுக்கு..."

"நீங்க இருங்க தம்பி. நான் இவகிட்ட கேக்குறேன்."

வீட்டுக்காரம்மா தன் கையைத் துணியில் துடைத்தார். கை சுத்தமாகத்தான் இருந்தது. இந்தக் கேள்வி வரும் என்று அவர் நினைத்திருக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. நானும் நினைக்கவில்லை.

"ஆமா," என்றார்.

"அப்ப இதுல இருக்குறது?"

"பாதிக்கு மேல அம்மாவோடதுதான்."

"மிச்சம்?"

"யாரோடதோ. எங்களுக்கே தெரியாது."

"அம்மாவோட மிச்சம் எங்க?"

"டப்பாவுக்குப் போச்சு. அங்கருந்து எங்க போச்சோ, யாரு போட்டிருக்காங்களோ."

பெரியக்கா வளையலைக் கையிலேயே ஒரு சுற்றுச் சுற்றினார். கழற்றுவார் என்று நினைத்தேன். கழற்றவில்லை. "இத்தனை வருஷமா எடை கொறைஞ்சுதுன்னு உன்கூட சண்டை போட்டுக்கிட்டு இருந்தேன்," என்றார். "எடையில ஒண்ணும் இல்லையேடி."

தராசில் கிடந்த சங்கிலியை விரலால் நகர்த்தியபடி மறுபடி கேட்டார்.

"நேத்து சொல்லாம கொள்ளாம போட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரியாது."

"இவருக்குத் தெரியுமா?"

"இவருதான் போடச் சொன்னாரு."

"ஏய், என்னை எதுக்கு இழுக்குற?" என்று வார்ப்புக்காரர் எழுந்து உட்கார்ந்தார்.

"அப்ப எதுக்குடி என்னை உக்கார வச்சு சொல்ற? போட்டுட்டுப் போக வேண்டியதுதான? நானும் மூணு பெட்டியைத் தூக்கிட்டு நிம்மதியா போயிருப்பேன்."

"அலுத்துப் போச்சுக்கா. நீ சொல்லிக் காட்டுறதும் நான் கேட்டுச் சிரிக்கிறதும். அடுத்த தடவை நீ சொல்றப்ப அது நெசமா இருந்துறக் கூடாதுன்னு நெனச்சேன். அவ்வளவுதான்."

பெரியக்கா சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "இப்ப என்ன பண்ணலாம்? அதைச் சொல்லு" என்றார். கோபம் தீர்ந்த குரல் இல்லை அது. கோபப்படத் தெம்பில்லாத குரல்.

"ரெண்டு உறுதியா வரும்," என்று வீட்டுக்காரம்மா சொன்னார். "மொத்தத்தையும் ஊத்தி ஒரு மோதிரம் வார்ப்போம். மிச்சம் எல்லாம் காம்புலயும் கட்டியிலயும் நிக்கும். அதை வெட்டி உருக்கி ரெண்டாவது. அதுக்கும் கட்டி நிக்கும். மூணாவதுக்கு வரும்போது மோதிரத்துக்குத் தங்கம் இருக்கும், காம்புக்கு இருக்காது. வார்க்க முடியாது."

"அந்தக் கட்டியை அப்படியே குடு. நான் வச்சுக்கிறேன்."

"பசங்ககிட்ட மூணும் ஒரே மாதிரின்னு சொல்லிட்டியேக்கா."

"சொன்னது நீ. நான் போன்ல திருப்பிச் சொன்னேன்."

வார்ப்புக்காரர் தோளைப் பிடித்தபடி எழுந்தார். மூலையில் சாக்கு போர்த்திக் கிடந்த ரோலிங் மெஷினைக் காலால் தொட்டுக் காட்டினார். "கட்டியா எதுக்கு? இதுல விட்டு இழுத்தா பட்டையா வரும். வளைச்சு மோதிரம் பண்ணிரலாம். காம்பே வேண்டாம். கோடு இருக்காது, மொட்டையா இருக்கும். ஆனா ஒண்ணு, என்னால இதைச் சுத்த முடியாது. தோளு கையைக் காதுக்கு மேல தூக்க விட மாட்டேங்குது. இவளுக்கும் முதுகு."

"என்ன சுத்தணும்?"

"கைப்பிடிதான். கெணத்துல தண்ணி இறைக்கிற மாதிரி. கொஞ்சம் கெட்டியா இருக்கும்."

"நான் சுத்துறேன்," என்றார் பெரியக்கா.

அன்று பகல் முழுவதும் அவர்கள் வேலை செய்தார்கள். மரத்தைப் பிரித்து, மகன் அளவு மோதிரத்தைத் தனியாகவும் மகள் அளவு மோதிரத்தைத் தனியாகவும் காம்பில் ஒட்டி, சின்ன அச்சு இரண்டு ஊற்றிச் சூளையில் வைத்தார்கள். சூளை பழுக்கும்வரை பெரியக்கா வீட்டுக்குப் போகவில்லை. சமையலறையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தார். ஆய்ந்து முடித்ததும் வெங்காயம் உரித்தார். அதுவும் முடிந்ததும் சும்மா உட்கார்ந்திருந்தார்.

சங்கிலி உருகும்போது வந்து பக்கத்தில் நின்றார். மூசைக்குள் அது முதலில் கறுத்தது, பிறகு கண்ணி கண்ணியாகச் சாய்ந்து ஒன்றோடொன்று ஒட்டியது. மோதிரம் கடைசிவரை வட்டமாகவே நின்று, திடீரென்று இல்லாமல் போனது. வார்ப்புக்காரர் விசையைத் தட்டியதும் வார்ப்பு இயந்திரத்தின் கை விர்ரென்று சுழன்று தங்கத்தை அச்சுக்குள் வீசியது. அச்சைத் தண்ணீரில் போட்டதும் மாவு சீறிக் கரைந்து, அடியில் ஒற்றை மோதிரமும் அதைவிடப் பெரிய கட்டியும் கிடந்தன. வெட்டி, மறுபடி உருக்கி, மறுபடி சுழற்றினார்கள். இரண்டாவதும் ஓட்டையில்லாமல் வந்தது. அது வரும்வரை வீட்டுக்காரம்மா உட்காரவே இல்லை.

மிச்சக் கட்டியை நீளமாக உருக்கி ஊற்றி, சுத்தியலால் தட்டி நேராக்கி, வார்ப்புக்காரர் உருளைகளுக்கிடையே நுழைத்தார். பெரியக்கா சேலையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தார். முதல் சுற்றில் அது அசையவே இல்லை.

"தம்பி, கெணறுன்னு சொன்னீங்க. இது லாரி டயரு மாதிரி இல்ல இருக்கு."

"உடம்பைச் சாச்சு சுத்துங்கக்கா. கையால மட்டும் முடியாது."

சாய்த்துச் சுற்றினார். அந்தப் பக்கம் வீட்டுக்காரம்மா குனிந்து நின்று, வெளியே வரும் பட்டையை விரலால் பிடித்தார். ஒவ்வொரு முறைக்கும் அது கொஞ்சம் நீண்டது, கொஞ்சம் மெலிந்தது. கெட்டிப்பட்டதும் நெருப்பில் காட்டி இளக்கினார்கள். மறுபடி உருளையை நெருக்கினார்கள். பேச்சே இல்லை. "விடு", "போதும்", "இன்னும் ஒண்ணு", அவ்வளவுதான். பெரியக்காவின் நெற்றி வேர்வை மூக்கு நுனியில் நின்று சொட்டியது. வேண்டுமென்றால் நான் சுற்றுகிறேன் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் விட்டிருக்க மாட்டார்.

பட்டையை அளவுக்கு வெட்டி, மரச்சுத்தியலால் உருண்டைக் கம்பியில் தட்டி வளைத்தார் வார்ப்புக்காரர். இரு முனைகளும் வந்து சேர்ந்தன. நடுவில் மயிரிழை இடைவெளி. பற்ற வைக்க டார்ச்சை எடுத்தவர் நின்று மனைவியைப் பார்த்தார்.

"பொடி," என்றார்.

"என்னது?" என்றார் பெரியக்கா.

வீட்டுக்காரம்மாதான் சொன்னார். "ஒட்டணும்னா பத்துப்பொடி வேணும்க்கா. அதுவும் தங்கம்தான், ஆனா வேற தங்கம். கடையில வாங்கினது."

"பொடி இல்லாம ஒட்டாதா?"

"வெறும் நெருப்புலயே ஒட்ட வைக்கலாம்," என்றார் வார்ப்புக்காரர். "எனக்கு இந்தத் தோளை வச்சுக்கிட்டு கை நிக்காது. ஒரு நொடி கூடிப் போச்சுன்னா உருண்டையாப் போயிரும். சத்தியம் பண்ண மாட்டேன்."

பெரியக்கா கையை நீட்டினார். மோதிரத்தை வாங்கி விரலில் போட்டுக்கொண்டு கையை மூடித் திறந்தார். "இப்படியே இருக்கட்டும்."

"ஏதாவதுல மாட்டும்க்கா. துணி இழுக்கும்."

"இழுத்தா எடுத்து விட்டுக்கிறேன்."

வீட்டுக்காரம்மா தராசை நடுவில் இழுத்து வைத்தார். புதுத்துணியில் விழுந்திருந்த தூளை ஒரு தாளில் தட்டிச் சேர்த்து, வெட்டிய நுனியையும் அதில் போட்டு, இரண்டு மோதிரங்களையும் பக்கத்தில் வைத்தார். "அதையும் கழட்டுக்கா. மூணையும் மிச்சத்தையும் சேத்து எடை போட்டுக் காட்டிர்றேன். எவ்வளவு போச்சுன்னு நீயே பாத்துக்க."

"பசிக்குதுடி," என்றார் பெரியக்கா.

"ஒரு நிமிஷம்தான்க்கா. வச்சு எடுத்துர்றேன்."

"தோளெல்லாம் விட்டுப் போச்சு. கீரை ஆஞ்சது நானு. சோறு இருக்கா இல்லையா?"

தாளை நான் மடித்துக் கட்டிப் பெட்டி ஒன்றில் போட்டேன். தராசு வெறுமையாகச் சைபரைக் காட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரம்மா சற்று நேரம் அதைப் பார்த்துவிட்டு அணைத்தார்.

நால்வரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சோறு ஆறிப்போயிருந்தது. கீரையில் உப்பு கொஞ்சம் கூட. யாரும் அதைச் சொல்லவில்லை. பெரியக்கா வலது கையில்தான் மோதிரத்தைப் போட்டிருந்தார். பிசைந்து உருட்டி எடுத்தபோது அந்த மயிரிழைச் சந்தில் ஒரு பருக்கை போய் மாட்டிக்கொண்டது. வீட்டுக்காரம்மா அதைப் பார்த்துவிட்டார்.

"பாத்தியா, சொன்னேன் இல்ல. இன்னொரு நாள் வா, நெருப்புல வச்சாவது ஒட்டிப் பாக்கலாம்."

பெரியக்கா பருக்கையை நாக்கு நுனியால் எடுத்துத் தின்றார்.

"கொழம்பை இந்தப் பக்கம் தள்ளு," என்றார்.